இருபத்தைந்து காலி பாட்டில்கள்

அத்தியாயம் 6

"அவன் கழுத்துல நீங்க கயிறு மாட்டணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

லாரி பட்டறைக்காரர் உட்கார மறுத்தார். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, அதைத் தூக்கி யார் தலையிலாவது போடப்போகிறவர் போல நின்றார். வெல்டிங் பொறி பட்டுப் புள்ளி புள்ளியாகக் கறுத்த முழங்கைகள்.

கத்தரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று விசாரித்தவள். இப்போது சொந்தத் துப்பறியும் அலுவலகம். ‘கத்தரி’ என்பது, எதிராளியின் பேச்சைப் பாதியில் நறுக்கிவிடுவதால் வந்த பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள், யாருக்கும் ஞாபகமில்லை.

"கயிறு மாட்டறது நீதிபதி வேலை. நடந்ததைச் சொல்லுங்க. திட்டு வேணாம், தேதி போதும்."

சொன்னார். திட்டோடுதான் சொன்னார்.

அவருடைய ஒரே தங்கை, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவள், வயது முப்பத்தொன்பது. இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கி, மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பதினோராம் நாள் இறந்தாள். அங்கே இதய நோய்க்குப் புதிதாக ஓர் ஊசி போடுகிறார்கள். தங்கைக்கு அதைப் போட விடாமல் தடுத்தது அவள் புருஷன்.

"பிரிட்ஜ் மெக்கானிக். சரியான பயந்தாங்கொள்ளி. புது மருந்து வேணாம்னு தடுத்திருக்கான். கேட்டா, ‘போட்டாங்க மச்சான்’னு சாதிக்கறான். பெரிய டாக்டரே எழுத்துல குடுத்துட்டார், போடலைன்னு. போட்டிருந்தா பொழைச்சிருப்பாளாம். போலீஸ்ல புகார் குடுத்துட்டேன். தங்கச்சி பொண்ணு பாப்பாவையும் என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். பத்து வயசுப் புள்ளையைக் கொலைகாரன்கிட்ட விட முடியுமா?"

அவர் மேஜைமேல் இரண்டு காகிதங்களை எறிந்தார். ஒன்று டாக்டரின் கடிதம்: நோயாளி எண் எழுபத்தொன்று, ஊசி பெறாதோர் பட்டியல். மற்றது பெரிய டாக்டர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை.

கட்டுரையைப் பாய்ந்து எடுத்தவன் ரேடியோ. கத்தரியின் உதவியாளன். நாற்பது வயது, அதில் பன்னிரண்டு வருடம் மருந்துக் கம்பெனிக்காகப் பையும் டையுமாக டாக்டர்களின் வாசலில் தவம் கிடந்தவன். வாய் மூடிப் பழக்கமில்லை.

"ஆஹா, மேடம்! போட்டுக்கிட்டவங்க நூத்தி முப்பது பேர். முதல் நாலு வாரத்துல ஒருத்தர்கூட சாகல. போடாதவங்க நூத்தி இருபது பேர். முப்பத்தி நாலு பேர் போய்ச் சேந்துட்டாங்க. எமனுக்கே மயக்க ஊசி போட்டாப்ல இருக்கு."

"ஒருத்தர்கூடவா?"

"சுத்த பூஜ்யம்."

கத்தரியின் பேனா நின்றது. "இதயம் பாதி நின்னுபோன நூத்தி முப்பது பேர். நாலு வாரம். குளியலறையில வழுக்கி விழுந்துகூட ஒருத்தன் சாகலையா?"

"அதான் எழுதியிருக்காரே!" பட்டறைக்காரர் சீறினார். "ஆராய்ச்சி பண்ணி எழுதினது. உங்களுக்கு என்ன தெரியும்?"

"எல்லா ஆராய்ச்சியும் ஒரே உசரம் இல்லீங்க," என்றான் ரேடியோ. "ஏணின்னு வெச்சுக்குங்க. அடிப்படியில நான். ‘எனக்குத் தெரியும் சார், நல்ல மருந்து.’ அவ்வளவுதான் ஆதாரம். அடுத்த படி, ‘நாலு பேருக்குக் குடுத்தேன், நாலு பேரும் எழுந்து நடந்தாங்க.’ அதுக்கு மேல, போட்டவன் என்ன ஆனான், போடாதவன் என்ன ஆனான்னு பழைய ஃபைலைப் புரட்டறது. அதுக்கும் மேல சீட்டுக் குலுக்கறது. யாருக்கு ஊசின்னு டாக்டரும் முடிவு பண்ணக் கூடாது, நோயாளியும் கூடாது. சீட்டுதான். அப்பத்தான் ரெண்டு பக்கமும் சமமான ஆளுங்க விழுவாங்க. அந்த மாதிரி நல்ல சீட்டு ஆராய்ச்சி பத்தை ஒண்ணாச் சேத்து எடை போட்டா, அது உச்சிப் படி."

"இது எந்தப் படி?" என்றாள் கத்தரி.

"ஃபைல் புரட்டல். உச்சியில நிக்கற மாதிரி போஸ் குடுக்கறார், அவ்வளவுதான்."

"எனக்குப் பாடம் வேணாம்!" பட்டறைக்காரர் மேஜையைக் குத்தினார். "அவன் பொய் சொல்றான்னு எழுதிக் குடுங்க. போதும்."

கத்தரி கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல அச்சாகியிருந்த ஒரு வரியைப் படித்தாள். அடிக்கோடு போட்டாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"என்ன அது?"

"இப்ப சொன்னா என்கிட்டயே சண்டைக்கு வருவீங்க. சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய டாக்டர் ரூமுக்கு வாங்க."

*

மெக்கானிக்கின் கடையில் பத்துப் பன்னிரண்டு பிரிட்ஜ்கள் முதுகைக் காட்டி நின்றன. அவற்றுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான் அவன். ஒல்லி உடம்பு. சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

"மச்சான் அனுப்பின ஆளுங்களா?"

"ஆமா," என்றாள் கத்தரி.

"வெளிய போங்க."

"உள்ளேயே ஜில்லுன்னு இருக்கேன்னு பாத்தோம்..." என்று ஆரம்பித்தான் ரேடியோ.

ஸ்பேனர் அவன் காதோரமாகப் பறந்து போய்த் தகரக் கதவில் மோதியது. ரேடியோ ஒரு பிரிட்ஜுக்குப் பின்னால் பதுங்கினான்.

கத்தரி நகரவில்லை. "உங்களைப் பொய்யன்னு நிரூபிக்கத்தான் என்னை அமர்த்தியிருக்கார். நிரூபிக்க முடியலைன்னா அதையும் எழுதித்தான் குடுப்பேன். ஒரே கேள்வி. ஊசி போட்டதைக் கண்ணால பாத்தீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இல்ல."

"போச்சுடா," என்றது பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஊசியைப் பாத்தா எனக்கு மயக்கம் வரும். அவளுக்கும் தெரியும். ‘திரும்பிக்கோங்க’ன்னு அவதான் சொன்னா." அவன் கழற்றிய ஒரு ஸ்க்ரூவைத் துடைத்தான். "திரும்பிக்கிட்டேன். அந்தப் பக்கம் வார்டு பிரிட்ஜ் இருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பிரிட்ஜ்ல என்ன பாத்தீங்க?"

"கதவு ரப்பர் கீழ் மூலையில பிஞ்சிருந்துச்சு. குளிர் வெளிய போகும், மருந்து கெட்டுடும்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். முறைச்சாங்க. முறைச்சுக்கிட்டே பாட்டில் மேல இருந்த லேபிளை உரிச்சு, பிரிட்ஜ் மேல கிடந்த நீல நோட்டுல ஒட்டி, ஏதோ நம்பர் எழுதினாங்க."

"போலீஸ்ல இதைச் சொன்னீங்களா?"

"பொண்டாட்டி சாகக் கிடக்கறப்ப பிரிட்ஜைப் பாத்துக்கிட்டிருந்தேன்னு எந்த வாயால சொல்றது?" அவன் எழுந்தான். "என் பொண்ணைப் பாத்து அறுபத்தி ரெண்டு நாளாச்சு. ஸ்கூல் வாசல்ல நின்னா வாட்ச்மேனை விட்டு விரட்டறாங்க. கேள்வி முடிஞ்சுதா? போங்க."

போனார்கள். தெருவில் இறங்கியதும் ரேடியோ காதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மேடம், பொய் சொல்றவன் ‘நல்லாப் பாத்தேன்’னு சொல்லுவான். இவன் பாக்கலைன்னு சொல்றான். தனக்கே ஆப்பு வெச்சுக்கற பொய்யனை நான் பாத்ததே இல்ல."

"அதனாலதான் நேரா அந்த நோட்டுக்குப் போறோம்."

*

"ஸ்டோர்ல இருந்து வர்றீங்களா? நான் திருடி இல்ல. எத்தனை தடவை சொல்றது?"

வார்டின் தலைமை நர்ஸ் பிரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றாள். கதவின் கீழ் மூலையில் ரப்பர் பிய்ந்துதான் இருந்தது. பிரிட்ஜின் தலையில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு.

"நாங்க ஸ்டோர் இல்ல. உங்களை யாரு திருடின்னு சொன்னது?"

"உங்களுக்கு எதுக்கு?"

கத்தரி கட்டுரையை விரித்தாள். "இதுல நூத்தி முப்பது பேருக்கு ஊசி போட்டதா இருக்கு. ஆளுக்கு மூணு."

"முன்னூத்தித் தொண்ணூறு பாட்டில்," என்றான் ரேடியோ.

"உங்க நோட்டுல எத்தனை லேபிள் ஒட்டியிருக்கு சிஸ்டர்? நோட்டைக் காட்ட வேணாம். நம்பர் மட்டும் சொல்லுங்க."

நர்ஸின் முகம் சிவந்தது. கோட்டுப் பையிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்துக் கத்தரியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மருந்து ஸ்டோர் அனுப்பிய மெமோ. ஆராய்ச்சிக்குச் செலவான பாட்டில்கள் 390. வார்டில் காலியானவை 415. காணாமல் போன 25 பாட்டில்களுக்கு விளக்கம் தரவும்.

"பத்தொன்பது வருஷ சர்வீஸ். இருபத்தஞ்சு பாட்டிலை வெளிய வித்துட்டேனாம். ஒவ்வொண்ணையும் என் கையால நோயாளி உடம்புல ஏத்தியிருக்கேன். லேபிள் இருக்கு, நம்பர் இருக்கு. நோட்டைப் பாருங்கன்னு சொன்னா, ‘டாக்டர் கணக்கு தப்பாகாது’ங்கறாங்க."

"பாக்கலாமா?"

"தொடக் கூடாது. நான்தான் புரட்டுவேன்."

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், ஊசி பெறாமல் இறந்த முப்பத்து நான்கு பேரின் எண்கள் இருந்தன. கத்தரி ஒவ்வொன்றாகப் படித்தாள். நர்ஸ் விரலை நகர்த்தித் தேடினாள்.

"ஆறு."

"இல்ல."

"பதினாலு."

விரல் நின்றது. "இருக்கு. ஒரு லேபிள்."

"இருபத்தி ரெண்டு."

"ரெண்டு லேபிள்." நர்ஸின் குரலில் இருந்த கடுப்பு குறைந்து வேறு ஏதோ ஏறியது. "இவங்க ஊசி போடாதவங்கன்னா எழுதியிருக்கு?"

"எழுபத்தொண்ணு."

நர்ஸ் இரண்டு தாள் புரட்டினாள். "ஒரு லேபிள். சேந்த அன்னிக்கே போட்டிருக்கு. என் கையெழுத்து." சட்டென்று நிமிர்ந்தாள். "புருஷன்காரர் ரப்பர் பிஞ்சிருக்குன்னு சொன்னாரே, அந்தம்மா!"

பட்டியல் முடிந்தபோது ரேடியோவின் உள்ளங்கை முழுக்கக் கோடுகள். "முப்பத்தி நாலுல பத்தொன்பது பேருக்கு லேபிள் இருக்கு. ஒண்ணு போட்டுக்கிட்டவங்க பதிமூணு. ரெண்டு போட்டுக்கிட்டவங்க ஆறு. பதிமூணும் பன்னெண்டும்..."

"இருபத்தஞ்சு," என்று நர்ஸ் முடித்தாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "நான் திருடினதாச் சொன்ன இருபத்தஞ்சு."

கத்தரி தான் அடிக்கோடிட்ட வரியைக் காட்டினாள். ‘ஊசி பெற்றோர்’ என்பது மூன்று ஊசிகளையும் முடித்தோரை மட்டும் குறிக்கும். பிறர் அனைவரும் ‘பெறாதோர்.’

"மூணாவது ஊசி என்னிக்குப் போடுவீங்க?"

"ஒண்ணாம் நாள், பதினஞ்சாம் நாள், இருபத்தொம்பதாம் நாள்."

"நாலு வாரத்துக்குள்ள செத்தவங்களால மூணாவது ஊசியை எப்படிப் போட்டுக்க முடியும்? முடியாது. உடனே ‘போடாதவங்க’ பட்டியலுக்குத் தள்ளியாச்சு. இந்தப் பக்கம் பேர் வரணும்னாலே நாலு வாரம் உயிரோட இருந்தாகணும். அப்புறம் பூஜ்யம் வராம என்ன வரும்?"

"பாஸானவனுக்கு மட்டும் அட்மிஷன் குடுத்துட்டு, எங்க ஸ்கூல்ல ஃபெயிலே கிடையாதுன்னு போர்டு மாட்டறது," என்றான் ரேடியோ.

"நடுவுல ஊசியை நிறுத்தினவங்க யாராவது உண்டா சிஸ்டர்?"

"உயிரோட இருந்தவங்க யாரும் நிறுத்தல." நர்ஸ் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க போகணும்? நானும் வர்றேன்."

*

பெரிய டாக்டரின் அறையில் யாரையும் உட்காரச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் ஏற்கெனவே வந்து, சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார்.

டாக்டர் நீல நோட்டைக் கையால் தள்ளினார். "இதுல என்ன இருக்கு? ஒரு ஊசியோட நின்னவங்க சிகிச்சை எடுத்துக்கிட்டவங்களா? அரைக்கிணறு தாண்டறவன் தாண்டினவனா?"

"அரைக்கிணத்துல விழுந்து செத்தவனை, கிணத்துப் பக்கமே போகலைன்னு எழுதியிருக்கீங்க," என்றாள் கத்தரி. "எழுபத்தொண்ணாம் நம்பருக்கு ஊசி போட்டீங்களா, இல்லையா?"

"பட்டியல்படி..."

"பட்டியலைக் கேக்கல. அந்தம்மா கையைக் கேக்கறேன்."

நர்ஸ் நோட்டைத் திறந்து பக்கத்தைக் காட்டினாள். மெமோவை எடுத்து அதன்மேல் அறைந்தாள். "உங்க கணக்கை வெச்சு என்கிட்ட விளக்கம் கேட்டாங்களே டாக்டர். இதான் விளக்கம். இருபத்தஞ்சு பாட்டிலும் நீங்க ‘போடலை’ன்னு எழுதினவங்க உடம்புல இருக்கு."

டாக்டர் லேபிளைப் பார்த்தார். பட்டறைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அப்ப... அவன் சொன்னது நெசமா?"

"நெசம்," என்றாள் கத்தரி.

அடுத்த நொடி மேஜை நகர்ந்தது. பட்டறைக்காரர் டாக்டரின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "அப்ப உன் ஊசிதான்டா என் தங்கச்சியைக் கொன்னுச்சு! போட்டுக் கொன்னுட்டு, போடலைன்னு எழுதிட்டியா?"

ரேடியோ அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். லாரியை இழுப்பது போலிருந்தது.

"கையை எடுங்க!" கத்தரியின் குரல் அறையை வெட்டியது. "அதுக்கும் ஆதாரம் கிடையாது. செத்த பத்தொன்பது பேரை அவங்க இடத்துல திருப்பி வெச்சுப் பாத்துட்டேன். ஊசி ஆரம்பிச்சவங்க மொத்தம் நூத்தி நாப்பத்தொம்பது. செத்தவங்க பத்தொன்பது. ஒண்ணுகூட போடாதவங்க நூத்தி ஒண்ணு. செத்தவங்க பதினஞ்சு. அங்க நூத்துக்குப் பதிமூணு, இங்க நூத்துக்குப் பதினஞ்சு. கிட்டத்தட்ட ஒண்ணுதான். கொன்னதுன்னும் சொல்ல முடியாது, காப்பாத்துச்சுன்னும் சொல்ல முடியாது."

"குறைவுதானே? ரெண்டு குறைவு!" டாக்டர் காலரைச் சரிசெய்துகொண்டே கத்தினார்.

"யாருக்கு ஊசின்னு தேர்ந்தெடுத்தது யாரு?"

"நான்தான்."

"எழுந்து உக்காரக்கூட முடியாதவங்களுக்குப் போட்டீங்களா?"

"தாங்க மாட்டாங்க. எப்படிப் போடறது?"

"அப்ப தெம்பா இருந்தவங்க உங்க பக்கம். படுத்த படுக்கை அந்தப் பக்கம். அந்த ரெண்டு, ஊசியால வந்துச்சா, தெம்பால வந்துச்சா?"

டாக்டர் மெமோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"ஏன் சார் சீட்டுக் குலுக்கல?" ரேடியோவின் குரலில் இப்போது கேலியே இல்லை.

"நல்ல மருந்துன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பாதிப் பேருக்குக் குடுக்காம இருக்கச் சொல்றியா? நோயாளி உயிரை வெச்சுச் சூதாட நான் தயாரில்ல."

"ஆடிட்டீங்க," என்றாள் கத்தரி. "சீட்டுகளை நீங்களே பொறுக்கி எடுத்து ஆடினீங்க. தோத்த சீட்டையெல்லாம் எதிராளி கையில சொருகிட்டீங்க. வேணும்னு பண்ணினீங்களா, தெரியாம பண்ணினீங்களா, அது எனக்குத் தெரியாது. இவரு வந்து கேட்டப்பவாவது நோட்டைப் புரட்டியிருக்கலாம். உங்க ஒரு வரிக் கடிதத்தால ஒரு ஆளு கொலைகாரன் ஆனான்."

"வெளிய போங்க. எல்லாரும்."

"போறோம். கட்டுரையை அச்சடிச்ச பத்திரிகைக்கும், ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கும் இந்தக் கணக்கு நாளைக்குப் போகும். மெமோவோட சேத்து."

கதவு வரை வந்தபோது பின்னால் தாள் புரளும் சத்தம். கத்தரி திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இறந்தவர்களின் எண்களை ஒவ்வொன்றாக, மேஜையில் கிடந்த நோட்டில் தேடிக்கொண்டிருந்தார். விரல் ஒரு லேபிளில் நின்றது. இன்னொன்றில் நின்றது. நாலாவது லேபிளில் அவர் நிறுத்திவிட்டார். போனை எடுத்தார்.

"வார்டா? அந்த ஊசி... புதுசா யாருக்கும் ஆரம்பிக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும்." போனை வைத்தார். பிறகு கதவருகே நின்றவர்களைப் பார்த்து, "போங்கன்னு சொன்னேன்ல!" என்று கத்தினார்.

நடைவழியில் பட்டறைக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"அப்ப அவளைக் கொன்னது யாரு?"

"நோய்," என்றாள் கத்தரி.

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல.

*

மறுநாள் காலை பத்து மணி. புகாரைத் திரும்பப் பெற்ற காகிதத்தோடு பட்டறைக்காரரின் ஜீப் மெக்கானிக் கடை வாசலில் நின்றது. அவர் கேட்டுக்கொண்டதால் கத்தரியும் ரேடியோவும் கூட வந்திருந்தார்கள்.

பின் கதவைத் திறந்து பாப்பா இறங்கினாள். முதுகில் ஸ்கூல் பை, கையில் துணி மூட்டை. கடைக்குள் இருந்தவனைப் பார்த்தாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள்; கிட்டே போனதும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கிரீஸ் கையால் அவள் தலையைத் தொடாமல், முழங்கையால் அணைத்துக்கொண்டான்.

"உள்ள போய் உக்காருடா."

அவள் உள்ளே போனாள். பட்டறைக்காரர் வாசற்படிக்கு வெளியே நின்றார். கடைசியில் முகத்தை முன்னால் நீட்டினார்.

"மாப்பிள்ளை. அடிங்க. எல்லார் முன்னாடியும் அடிங்க. செருப்பைக் கழட்டி அடிங்க."

மெக்கானிக் வாசற்படி வரை வந்தான். கை மடங்கியது, பிறகு விரிந்தது. கீழே கிடந்த மூட்டையை எடுத்துத் தூசி தட்டினான்.

"அடிச்சா உங்க பாரம் இறங்கிடும் மச்சான்," என்றான். "இறங்க வேணாம். போங்க."

கடையின் ஷட்டர் பாதி வரை இறங்கியது.